ஏழு பெட்டியும் எழுந்த நாள்

நவ. 1, சனி

அரியலூரில் காலையிலிருந்து மழை. நேற்று விழுந்த இடியில் ஏழு எடைமேடையிலும் பெட்டி எல்லாம் மறந்து கிடக்கிறது. சோப்பு டப்பா அளவுதான். லாரி எடையை ஆபீஸ் சர்வருக்கு அனுப்புவது அதுதான். சுண்ணாம்புக்கல் லாரி வரிசை ரோடு வரை.

நாளைக்கு: குடை. டார்ச். ஊக்கு. ஏழையும் ரீசெட்.

ஊக்கு ஆரோக்கியம் அண்ணனுடையது. சாவிக்கொத்தோடு வந்தது. நாற்காலியும் அவருடையது. ஜூனில் ஜெயங்கொண்டம் ரோட்டில் பைக்கோடு போய்விட்டார். நான் பார்த்ததே இல்லை. பெரம்பலூரில் மூன்றாவது செமஸ்டரோடு காலேஜை விட்ட எனக்கு, அவர் செத்ததால் வேலை. வெளியே சொல்ல முடியாது.

நவ. 2, ஞாயிறு

மழை விட்டது. ஒரே சேறு.

ஊக்கைப் பெட்டியின் ரீசெட் ஓட்டையில் விட்டு அழுத்திப் பத்து எண்ண வேண்டும். சிவப்பு. பிறகு பச்சை. அதற்கப்புறம் பெட்டியே சர்வரிடம் கேட்டுத் தன் பெயர், எண் எல்லாம் வாங்கிக்கொள்ளும். ஆரோக்கியம் அண்ணன் செய்து வைத்த ஏற்பாடு. உள்ளே என்ன எழுதியிருக்கிறார் என்று திறந்து பார்க்கவில்லை. சோம்பல்.

நாலரைக்குள் ஏழும் பச்சை. சூப்பர்வைசர் கணேசன் சார்: "பரவால்லியே, படிச்சவன் மாதிரி வேல பாக்குற."

"படிச்சவன்னா இன்னும் லேட்டாவும் சார்."

ஐந்து மணிக்கு ஆபீஸ் போன். பெண் குரல், பின்னால் கூட்டம், ஜெபம்.

"ஆரோக்கியம் வூட்டுக்காரி ஸ்டெல்லா பேசுறேன். எவன்டா வெளயாடுறது?"

"என்னக்கா ஆச்சு?"

"கல்லறையில மெழுகுவத்தி ஏத்திக்கிட்டு நிக்கிறேன். அவரு போனுக்கு மெசேஜ் வருது. 'எழுந்துட்டேன் அண்ணே'ன்னு. ஒண்ணு இல்ல, ஏழு."

இன்றைக்குக் கல்லறைத் திருநாள். எனக்கு எங்கே தெரியும்.

அப்புறம்தான் திறந்து பார்த்தேன். ரீசெட் ஆகி எழுந்ததும் பெட்டி மெசேஜ் அனுப்பும். ஆரோக்கியம் அண்ணன் நம்பருக்கு. அவர் எழுதிய வரி. கீழே பழைய பதிவுகள். பெட்டி: எழுந்துட்டேன் அண்ணே. அவர்: சரிடா. பெட்டி: எழுந்துட்டேன் அண்ணே. அவர்: சரிடா. பக்கம் பக்கமாக. மெஷினுக்குப் பதில் போட்ட மனுஷன்.

பரோட்டா வாங்கினேன். நாய்க்குப் போட்டேன்.

நவ. 3, திங்கள்

மூட்டம். விஷயத்தைக் கேட்டு சார் காலையிலேயே, "அந்த நம்பரத் தூக்கிட்டு உன் நம்பரப் போடு." நாளைக்குப் போடுகிறேன் என்றேன். மதியம் லீவு. அண்ணன் ஊருக்கு, வரதராஜன்பேட்டை பஸ்.

ஸ்டெல்லா அக்கா முந்திரி உடைத்துக்கொண்டிருந்தார். விரலெல்லாம் கறுப்பு. பக்கத்தில் ஸ்டூலில் அண்ணன் போன், சார்ஜில்.

"நீதானா அது? போன்ல பெரிய ஆளு மாதிரி பேசுன."

"தெரியாம நடந்துடுச்சுக்கா."

"நேத்து உன்னத் திட்டிட்டு, அந்த மெசேஜயேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். மாசாமாசம் ரீசார்ஜ் போடுறேன். வர்றதெல்லாம் விளம்பரம். அந்தப் போன அண்ணேன்னு கூப்புட்டு அஞ்சு மாசமாச்சு."

"நம்பர மாத்தணும்க்கா. சார் சொல்லிட்டாரு."

இரண்டு கொட்டை உடைத்தார். மூன்றாவதை வைத்துவிட்டார்.

"மாத்திக்க. இன்னொரு தடவ வரவச்சுட்டு மாத்து."

நவ. 4, செவ்வாய்

வெயில். ஏழாம் மேடையில் லாரி இல்லாத நேரம். ஊக்கு. பத்து. சிவப்பு, பச்சை. ஆபீசுக்கு ஓடி வந்து சர்வர் முன்னால் உட்கார்ந்தேன்.

பெட்டி: எழுந்துட்டேன் அண்ணே.

இரண்டு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு அவர் நம்பரிலிருந்து: சரிடா.

யார் தட்டியது என்று தெரியும். தெரிந்தும் உட்கார முடியவில்லை. அவர் நாற்காலியை விட்டு எழுந்து, நின்றுகொண்டேதான் நம்பரை மாற்றினேன். வரியில் கை வைக்கவில்லை.

சோதிக்க மறுபடி ஊக்கு. சட்டைப் பையில் என் போன் அதிர்ந்தது. எழுந்துட்டேன் அண்ணே.

சார் ஜன்னலிலிருந்து, "வந்துச்சாடா?"

"வந்துச்சு சார்."

போனைப் பையில் போட்டேன். நாலடி நடந்தேன். திரும்ப எடுத்தேன்.