கருடன் மரத்துக்கு மைக்செட்

19-1-95, வியாழன்

காலையில் நல்ல பனி. வேலிக்கு அந்தப்பக்கம் இருக்கும் கோயில் கோபுரம்கூடத் தெரியவில்லை. கொப்பரை காயப்போட மாடிக்குப் போகும்போது ஒன்பது மணிக்கு மேல்.

போன கையோடு ஒரு கோழிக்குஞ்சு காலி. என் கண் முன்னால். செம்பருந்து வந்தது, களத்தில் இறங்கியது, தூக்கியது, போனது. கத்தினேன். கையிலிருந்த தட்டை விட்டெறிந்தேன். தட்டு நெளிந்ததுதான் மிச்சம்.

எங்கேதான் போகிறது என்று பார்த்தால் தூரமே இல்லை. நம் வேலிக்கும் கோயில் சுவருக்கும் நடுவே நிற்கும் இலவமரத்தில், உச்சிக் கிளையில் கூடு. இலையெல்லாம் கொட்டிவிட்டதால் மாடியிலிருந்து அப்பட்டமாகத் தெரிகிறது. ஒரு குவியல் சுள்ளி, நடுவில் அழுக்குப் பஞ்சு மாதிரி இரண்டு தலைகள். என் கோழிக்குஞ்சு அவற்றுக்குப் பலகாரம்.

இவரிடம் சொன்னேன். "கருடனைப் பேசாத சரசு, பாவம் புடிச்சுக்கும்" என்றார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். கோழி வளர்ப்பது நான். பாவமும் எனக்கேதானாம்.

வாங்க: கோழிக்கூடைக்கு வலை, டீத்தூள், உப்பு. கோயமுத்தூர் ஹாஸ்டலுக்குப் பெரியவளுக்கு முறுக்கு அனுப்ப வேண்டும்.

22-1-95, ஞாயிறு

வெயில். கோழியைக் காவல் காக்கத்தான் மாடியில் உட்கார ஆரம்பித்தேன். இப்போது கூட்டைப் பார்ப்பதே வேலையாகப் போய்விட்டது.

ஆண்தான் வேட்டைக்குப் போகிறது. ஆற்றுப் பக்கமிருந்து மீன். வாய்க்காலிலிருந்து தவளை, நண்டு. ஒருமுறை ஓணான். கூட்டில் போட்டுவிட்டு உடனே கிளம்பிவிடும். கிழித்துக் கிழித்து ஊட்டுவதெல்லாம் பெண். இந்த ஏற்பாட்டை நான் வேறெங்கோ பார்த்திருக்கிறேன்.

பெரிய குஞ்சு சின்னதைக் கொத்துகிறது. தாய் நடுவில் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. மத்தியானம் சிறகை விரித்து இரண்டுக்கும் குடை பிடித்தாள், வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு. பிடித்தாள் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

குஞ்சுகளுக்குப் பழுப்பு இறகு முளைத்து வருகிறது. பறக்க இன்னும் ஒரு மாதமாவது ஆகும்.

கோழிக்குஞ்சு விஷயத்தில் கோபம் போகவில்லை. வலை போட்டாகிவிட்டது. இனி அவள் பாடு, என் பாடு.

28-1-95, சனி

கோயில் கமிட்டி மொத்தமும் நம் வாசலில். பெரிய மாமாதான் தலைவர், இவருடைய அண்ணன். எட்டாம் தேதி கும்பாபிஷேகம். காபி போட்டேன். இரண்டாவது முறையும் போட்டேன்.

யாரோ கூட்டைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கலசத்தில் தண்ணீர் ஊற்றும்போது கருடன் வந்து வட்டமிட வேண்டும். அப்போதுதான் சாமி ஏற்றுக்கொண்டதாக ஊர் ஒப்புக்கொள்ளும்.

பெரிய மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பக்கத்தூருக்காரங்க அத்தன ஆடம்பரம் பண்ணியும் ஒரு காக்கா கூட வரலீங்க அம்மணி. நம்மூருக்குப் பாருங்க, கருடாழ்வாரே வந்து குடியிருக்கறாரு."

"குஞ்சு பொரிச்சிருக்குதுங்க மாமா" என்றேன்.

"அதேதானுங்க! குடும்பத்தோட வந்திருக்கறாரு!"

மரத்துக்குப் பூஜை போடப் போகிறார்களாம். நல்லது, ஒரு மஞ்சள் துணி கட்டி, சூடம் காட்டிவிட்டுப் போவார்கள் என்றுதான் நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

2-2-95, வியாழன்

மேகமூட்டம். கோபம் தாங்காமல் எழுதுகிறேன்.

மரத்துக்குச் செய்தவை: மஞ்சள் பூச்சு, குங்குமம், பட்டுத்துணி. அடியில் மேடை, உண்டியல். கிளை கிளையாகச் சீரியல் பல்பு, சிவப்பும் பச்சையும். இது போதாதென்று, ஊரிலேயே உயரமான மரம் இதுதானாம், அதனால் கோயில் மைக்செட்டின் குழாய் ஸ்பீக்கர் இரண்டையும் இதன் மேலேயே கட்டிவிட்டார்கள். கூட்டுக்கு ஓர் ஆள் உயரம் கீழே.

மைக்செட்காரன் ஏறும்போது தாய் பாய்ந்து வந்து அவன் தலைத்துண்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள். அவன் பயந்து இறங்குவான் என்று பார்த்தால், மரத்திலிருந்தபடியே கும்பிடுகிறான். "கருடாழ்வார் என்ற தலையத் தொட்டுட்டாருங்கோ!" கீழே மேளம். அவனுக்கு மாலை வேறு.

கரண்டு எங்கிருந்து? நம் கிணற்று மோட்டார் ரூமிலிருந்து. இவர் தலையாட்டிவிட்டார். கிணறும் அந்த இரண்டு ஏக்கரும் என் அப்பா எனக்குக் கொடுத்தது. சர்வீஸ் என் பெயரில் இருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டதற்கு, "கோயல் காரியம் சரசு, அதுக்குப் போயி கேப்பாங்களா?" என்கிறார்.

4-2-95, சனி

விடிவதற்கு முன்பே பாட்டு. ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. இரவு பதினோரு மணிக்குத்தான் நிறுத்தினார்கள்.

தாய் கூட்டில் இல்லை. தென்னை மேல், தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு தரமும் கிளம்பி வருகிறாள், மரத்துக்குக் கிட்டே வந்ததும் திரும்பிவிடுகிறாள். கீழே கும்பல். அவள் தலை தெரிந்ததும் "கோவிந்தா" போட்டு, மணி அடித்து, சூடத்தட்டைத் தூக்கிக் காட்டுகிறார்கள். பாவிகள்.

பாட்டு மாறும் இடைவெளியில் குஞ்சுகள் கத்துவது கேட்கிறது. நாத்தனாருக்குப் பிறந்தவீட்டு முறையாக எழுதிங்கள் சீர் செய்து விருந்து வைத்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. பெரியவள் அப்போது கைக்குழந்தை. உள்ளே பாலுக்கு அழுகிறாள். நான் பந்தியில் நெய் ஊற்றுகிறேன். மருமகள் பாதியில் எழுந்து போனால் வந்திருக்கும் சொந்தபந்தம், ஒறம்பரையெல்லாம் தப்பாகப் பேசுவார்களாம். ரவிக்கை நனைந்து, முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு, கடைசி இலை வரை ஊற்றிவிட்டுத்தான் போனேன். அதற்குள் அழுது களைத்துத் தூங்கிவிட்டாள். இத்தனை வருடம் கழித்தும் இதை எழுதும்போது பேனா முனை தாளைக் கிழிக்கிறது. அழுகையில்லை. ஆத்திரம்.

பெரிய மாமாவிடம் நேராகப் போய்ச் சொன்னேன்.

"தாய் கூட்டுக்கு வரமாட்டீங்குதுங்க மாமா. ஸ்பீக்கரை அக்கட்டால வேப்பமரத்துல கட்டச் சொல்லுங்க."

"கருடனுக்கு நம்ம சத்தம் ஒரு சத்தமுங்களா அம்மணி? வைகுண்டத்துல கேக்காத சங்கா? நீங்க வெசனப்படாம ஒறம்பரைக்குப் பலகாரத்தைப் பாருங்க."

எவ்வளவு மரியாதையாகப் பேசி வாயை அடைக்கிறார்கள். "ங்க" போட்டுப் போட்டே மனுஷியை மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

இவர்: "இன்னம் நாலு நாளுதான். சித்தெ பொறுத்துக்க."

நான் பொறுப்பேன். குஞ்சு வயிறு பொறுக்குமா?

6-2-95, திங்கள்

அதிரசம் சுட்டேன். கையில் எண்ணெய் தெறித்தது. பால்காரர் வரவில்லை.

மைக்செட்காரன் சாப்பிடப் போன நேரம் பாட்டு நின்றது. ஆண் எங்கிருந்தோ வந்து ஒரு மீனைக் கூட்டில் எறிந்துவிட்டுப் போனது. எறிந்தது சரியாக விழவில்லை, கிளையில் தட்டிக் கீழே மேடையில், உண்டியல் பக்கத்தில் விழுந்தது.

ஊரே அமளி. காப்புக் கட்டிய நாளிலிருந்து யார் வீட்டிலும் கவுச்சி கூடாது. சாமி மேடையில் மீன் போட்டது யார்? பக்கத்தூர்க்காரர்கள் சதி என்று ஒருவர். "நம்மூர்லயே விரதம் இல்லாதவன் எவனோ" என்று இன்னொருவர். பருந்து போட்டது என்று நான் வேலிக்கு இந்தப்பக்கமிருந்து கத்திச் சொன்னேன். பெரிய மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கருடாழ்வார் மீன் தின்பாருங்களா அம்மணி? என்ன பேச்சு இது!"

பிறகு எதைத் தின்று உயிரோடு இருக்கிறாராம்? பொங்கலும் சுண்டலுமா?

மஞ்சள் தண்ணீர் தெளித்து மேடையைச் சுத்தம் செய்தார்கள். மீனைக் குச்சியால் தள்ளிக் குப்பைக்கு. இரண்டு குஞ்சும் இன்றைக்குச் சாப்பிட்டிருக்க வேண்டிய மீன்.

7-2-95, செவ்வாய்

கூட்டில் ஒரு தலைதான் தெரிகிறது. சின்னதைக் காணோம்.

காலையிலிருந்து எட்டு தரம் மாடிக்குப் போய்விட்டேன். ஒன்றுதான்.

வீடு நிறைய ஒறம்பரை. தலைவலி என்று சொல்லிவிட்டு உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நாத்தனார் வந்து தைலம் கொடுத்தாள். தேய்த்துக்கொண்டேன்.

8-2-95, புதன்

கும்பாபிஷேகம். வானம் சுத்தமாக இருந்தது. நம் மாடியில்தான் நல்லாத் தெரியுமென்று ஐம்பது பேர். கொப்பரையை மிதித்து நாசம் செய்துவிட்டார்கள்.

ஐயர் கலசத்தில் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிய அதே நேரம், தென்னந்தோப்புக்கு மேலிருந்து வந்தது. வெள்ளைத் தலை, செம்மண் நிறச் சிறகு. கோபுரத்துக்கும் இலவமரத்துக்கும் மேலே ஒரு வட்டம். ஊரே "கருடன்! கருடன்!" என்று ஒரே குரலாகக் கத்தியது. குலவை, வேட்டு, மேளம். பெரிய மாமா கோபுரத்தின் மேலே நின்று குழந்தை மாதிரி அழுகிறார். இன்னொரு வட்டம். என் கையும் தானாகக் கும்பிட்டுவிட்டது. பொய் எழுத மாட்டேன், உடம்பு சிலிர்த்தது.

மூன்றாவது வட்டம் தாழ வந்தது. காலைப் பார்த்தேன். மீன்.

வரம் கொடுக்க வரவில்லை. குஞ்சுக்குச் சாப்பாடு கொண்டுவந்து, இறங்க இடமில்லாமல் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கூட்டின் மேல் வரும்போது இறக்கையை மடக்கப் பார்க்கிறது, கீழே வேட்டு வெடிக்கிறது, மேலே ஏறிவிடுகிறது. ஏறும்போதெல்லாம் இன்னும் பலமாகக் "கோவிந்தா".

"கால்ல மீன் இருக்குது பாருங்க, அது எறங்க முடியாமச் சுத்துது" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். நாத்தனார் என் கையைக் கிள்ளி, "நல்ல நேரத்துல வாய மூடுங்க அண்ணி" என்றாள்.

மீனோடு ஆற்றுப்பக்கம் போய்விட்டது.

பொழுதோடு பெரிய மாமா இனிப்புடன் வந்தார். மண்டல பூஜை நாற்பத்தெட்டு நாளும் ஸ்பீக்கர் அந்த மரத்திலேயே இருக்கட்டும், லைட்டும் இருக்கட்டும், கருடன் நம்மை விட்டுப் போகக் கூடாது என்றார். இவர் "ஆகட்டுமுங்க அண்ணா" என்றார்.

நான் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போனேன். பீஸ் கேரியர் மூன்றையும் பிடுங்கினேன். பாட்டு பாதியில் அறுந்தது. பல்பெல்லாம் அணைந்தது. கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன்.

இவர் வேகமாக எதிரே வந்தார். "பீஸு போயிருச்சாட்டம் இருக்குது."

"போகலீங்க. நாந்தான் புடுங்கிப்போட்டேன்."

பூட்டைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணன் என்ன நெனப்பாரு?"

"அவரு நெனக்கறதை எப்பவும் சொல்றாருங்க. நீங்க என்ன நெனக்கறீங்கன்னு ஒரு நாளாச்சும் சொல்லுங்க."

சொல்லவில்லை. ஆனால் சாவியைக் கேட்கவும் இல்லை.

9-2-95, வியாழன்

காலையில் பெரிய மாமா, பின்னால் கமிட்டி. காபி போடவில்லை.

"சாமி காரியத்துல கை வெச்சுப்போட்டீங்களே அம்மணி. குத்தம் வந்தா ஆரு பொறுப்பு?"

"நானுங்க மாமா. சர்வீஸ் என்ற பேருல இருக்குது. குத்தமும் என்ற பேருலயே வரட்டும். ஸ்பீக்கர், லைட்டு, மேடை, எல்லாம் அந்த மரத்த உட்டு எறங்கோணும். வேப்பமரத்துல கட்டிக்குங்க, கரண்டு தாரேன். இல்லீன்னா இல்லீங்க."

ஒருவர், "மோட்டார் ஓடாம, தென்னைக்குத் தண்ணி உடாம எத்தன நாளைக்குங்க?" என்று மடக்கப் பார்த்தார். "என்ற தென்னைதானுங்க, காயட்டும்" என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார்கள். மத்தியானம் மரம் சும்மா மரமாக நின்றது.

நாலு மணிக்குத் தாய் வந்தாள். கூட்டு விளிம்பில் நின்று உள்ளே வெகுநேரம் பார்த்தாள். எதையோ அலகால் புரட்டினாள், விட்டுவிட்டாள். ஆண் மீனோடு வந்தது. கிழித்தாள். பெரிய குஞ்சு தள்ளாடி எழுந்து வாங்கித் தின்றது. முழுதும் ஒன்றுக்கே. பங்குக்குச் சண்டை போட ஆளில்லை.

13-2-95, திங்கள்

பனி குறைந்துவிட்டது. குஞ்சு கூட்டு விளிம்பில் நின்று சிறகடித்துப் பழகுகிறது. கொப்பரை பாதிக்கு மேல் பூஞ்சணம்.

ஸ்டூடியோக்காரர் கும்பாபிஷேக போட்டோ கொண்டுவந்து கொடுத்தார். கோபுரம், கலசம், மேலே கருடன். சட்டம் போட்டுக் கோயிலில் மாட்ட ஒன்று, கமிட்டி வீடுகளுக்கு ஒவ்வொன்று. இவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அருமையா உழுந்திருக்குது" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். சிறகு, வால், எல்லாம் துல்லியம். கால் வெறுங்கால்.

"மீன் எங்கீங்க?"

ஸ்டூடியோக்காரர் சிரித்தார். "அதையேனுங்க கேக்கறீங்க. தலைவர்தான், கோயல்ல மாட்டற படத்துல கவுச்சி ஆகாது, டச்சப் பண்ணி எடுத்துருன்னு சொல்லிப்போட்டாருங்க. பிரஷ் புடிச்சு ரெண்டு நாள் வேலைங்க. தெரியவே தெரியாது."

தெரியவே தெரியாதுதான். ஒரு குஞ்சு செத்தது தெரியவில்லை, இது எங்கே தெரியப்போகிறது.

நெகட்டிவ் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். டச்சப் செய்யாமல், மீன் செதில் தெரிகிற அளவுக்குப் பெரிதாக ஒன்று போடச் சொல்லிவிட்டேன். நல்ல தேக்குச் சட்டம். நம் வீட்டு வாசலில், பெரிய மாமா வந்தால் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டப் போகிறேன். ஆணி இப்போதே அடித்தாகிவிட்டது. இவர்தான் சுத்தியல் எடுத்துக் கொடுத்தார்.