ஒன்பது நட்சத்திரங்கள்

அயோவா
9 பிப்ரவரி 1987

அன்புள்ள திருமதி பிரிம் அம்மாவுக்கு,

நான் கோச் வாட்கின்ஸின் மனைவி. டெரல் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு அமெரிக்கக் கால்பந்து ஆட வருவதில் இந்த ஊருக்கே சந்தோஷம். மிசிசிப்பியிலிருந்து இவ்வளவு தூரம் அனுப்ப உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் கைக்குழந்தை இருக்கிறான், பெயர் வெஸ்லி. ஞாயிறுதோறும் டெரலுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். என் சொந்தப் பிள்ளையாகப் பார்த்துக்கொள்வேன்.

அன்புடன்,
ஜோலீன்

மிசிசிப்பி
20 பிப்ரவரி

ஜோலீன் கண்ணுக்கு,

உன் வீட்டுக்காரர் என் சோபாவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஆட்டத்தைப் பற்றிப் பேசினார், நான் சுட்ட பீச் பழப் பலகாரத்தில் மூன்று துண்டு சாப்பிட்டார். பையனைப் பற்றிப் பேசியது நீ மட்டும்தான். உன்னை நம்பி அனுப்புகிறேன். வலித்தால் வாய்திறக்க மாட்டான் அவன். நீதான் கேட்டு வாங்க வேண்டும்.

ஒடெஸ்ஸா பிரிம்

அயோவா
28 செப்டம்பர்

அன்புள்ள அம்மா,

பதில் தாமதம், மன்னியுங்கள். வெஸ்லிக்குப் பல் முளைக்கிறது, நான் தூங்கி நாளாகிறது. நன்றாக மோதி எதிராளியை வீழ்த்தினால் ஹெல்மெட்டில் ஒரு நட்சத்திரம் ஒட்டுவது இங்கே இருபது வருஷப் பழக்கம். ஒட்டுவது கோச் மனைவிமார் வேலை. டெரலுக்கு இதுவரை ஒன்பது ஒட்டியிருக்கிறேன். முதலாம் ஆண்டுப் பையன் யாருக்கும் இத்தனை இல்லை.

ஜோலீன்

அயோவா
19 அக்டோபர்

அம்மா,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். வீட்டுத் தொலைபேசியில் பேச முடியாது, பக்கத்திலேயே அவர் இருக்கிறார்.

நேற்றுச் சாப்பிடும்போது டெரல் வெஸ்லியைக் காட்டி, "இந்தப் பாப்பா பேரு என்னக்கா?" என்றான். எட்டு வாரமாக மடியில் வைத்துக் கொஞ்சுகிறவன். விளக்கை அணைக்கச் சொன்னான். வாந்தி எடுத்தான். அவரிடம் சொன்னேன். "தலை கொஞ்சம் கிறுகிறுங்கும், எல்லாருக்கும் வர்றதுதான். சனிக்கிழமை இவன் இல்லாம எப்படி?" என்றார். பழைய மாணவர்களெல்லாம் ஊர் திரும்பும் ஆட்டம் அது. தோற்றால் அவருக்கு வேலை போகும்; ஐந்து வருஷத்தில் ஐந்தாவது ஊருக்கு மூட்டை கட்ட வேண்டும். கட்டிக்கொள்கிறேன். இன்னொரு மோதலை டெரலின் தலை தாங்காது. சனிக்கிழமைக்குள் வந்து கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவர் கையெழுத்து நன்றாக இருக்காது என்பதால் அம்மாக்களுக்கு எழுதும் வேலையும் எனக்குத்தான். பிப்ரவரியில் உங்களுக்கு எழுதியதையே வரி மாறாமல், உங்களோடு மொத்தம் பதினொரு அம்மாக்களுக்கு எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டையும் சேர்த்து.

ஜோலீன்

மிசிசிப்பி
2 நவம்பர்

ஜோலீன்,

உன் கடிதம் கிடைத்த வெள்ளிக்கிழமையே பஸ் பிடித்து அங்கே வந்தேன். உன் வீட்டுக்காரர், "ஒரே ஒரு ஆட்டம்மா" என்றார். "உங்க புள்ளைய இறக்குங்க" என்றேன். டெரலைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

டெரல் திரை போட்ட அறையில் படுத்திருக்கிறான். சத்தம் கேட்டால் தாங்கவில்லை. என்னை அடையாளம் தெரிகிறது, அது போதும். படிக்கலாமா என்பதை டாக்டர் வசந்தத்தில் சொல்வாராம்.

அவனை விளையாட விடாமல் தடுத்தது உன் கடிதம்தான். அங்கே அனுப்பி வைத்ததும் உன் கடிதம்தான். இரண்டையும் ஒரே உறையில் வைத்திருக்கிறேன். எதற்கு நன்றி சொல்வது, எதற்குத் திட்டுவது என்று யோசிக்கிற தெம்பு இப்போது எனக்கு இல்லை. எனக்கு இனி எழுத வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். முதல் கடிதத்தைப் பதினொரு பேருக்கு எழுதினாய். இரண்டாவதை மற்ற பத்துப் பேருக்கும் எழுதிவிட்டாயா?

ஒடெஸ்ஸா பிரிம்