மண் ஏற்காத மூன்று வருடம்

மார்ச் 4
பள்ளியில் அமிலமும் உப்பும் பாடம் நடத்தினேன். பாதிரியார் யெரோதேயோஸ் வாசலில் நின்றிருந்தார். மூன்று வருடம் முடிந்தது, ஸ்டமாதிஸைத் தோண்டி எடுத்துவிடலாம், குழிக்கு ஆள் காத்திருக்கிறது என்றார். சரி என்றேன். என் கணவரைப் பற்றித்தான் பேசினார் என்பது காபி ஆறிய பிறகே உறைத்தது.

மார்ச் 9
கொள்ளைக் கப்பல்களுக்குப் பயந்து பாறை உச்சியில் கட்டிய ஊர். மண் கொஞ்சம்தான். குழி யாருக்கும் சொந்தமில்லை. இறந்தவர் மூன்று வருடம் படுத்திருந்து, எலும்பாகி, ஒயினில் குளித்து, பெட்டிக்குள் போய்விட வேண்டும்.

வீடு சொந்தம். அம்மாவிடமிருந்து மகளுக்கு வரும். என் அம்மாவின் வீட்டை ஓட்டல்காரனுக்கு விற்க வைத்தார் ஸ்டமாதிஸ். கையெழுத்து என்னுடையதுதான். குளிர்காலம் முழுக்க தினமும் கேட்டால் யார்தான் போடமாட்டார்கள்? அதற்கடுத்த குளிர்காலத்தில் இறந்துபோனார். நான் அழவில்லை. இன்றுவரை இல்லை.

மார்ச் 15
தோண்டினார்கள். உடல் கரையவில்லை. கோட்டுகூட அப்படியே.

பெண்கள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள். நாத்தனார் கல்லிரோயி என் பக்கம் திரும்பினாள். "யாரோ இவன இன்னும் மன்னிக்கல. அதான் மண்ணு ஏத்துக்கல."

"களிமண் அக்கா. தண்ணி வடியாது, காத்து போகாது."

"ஆரம்பிச்சிட்டா வாத்தியாரம்மா! என் தம்பி என்ன, உன் பள்ளிக்கூடத்துக் குடுவையா? வாயத் திறந்து மன்னிச்சேன்னு சொல்லேன்டி. காசா பணமா?"

எல்லோரும் காத்திருந்தார்கள். கல்லிரோயி என் முழங்கையைப் பிடித்தாள். சொன்னேன். கேட்கவில்லை என்றாள். மறுபடி சொன்னேன்.

சுவரோரம், மணல் கலந்த மண்ணில் திரும்பப் புதைத்தார்கள். அந்த இடத்தை நான்தான் கேட்டு வாங்கினேன்.

மார்ச் 16
பொய் சொன்னேன்.

ஜூன் 20
கல்லறை விளக்குக்கு எண்ணெய் ஊற்ற கல்லிரோயி தினமும் ஏறி வருகிறாள். "அடுத்த தடவையும் கரையலன்னா, நானும் உள்ள இறங்கி அவன ஒரு உலுக்கு உலுக்குறேன்" என்றாள். சிரித்தோம். பிறகு மெதுவாக, "நீ நிஜமாத்தானே சொன்ன?"

தலையாட்டினேன்.

அம்மா வீட்டு ஜன்னலில் யாருடைய நீச்சலுடையோ காய்கிறது. நின்று பார்த்தேன். கோபமாவது வரக் கூடாதா? ஒன்றுமில்லை.

மே 11, இரண்டு வருடம் கழித்து
இன்று மறுபடி திறந்தார்கள். வெள்ளை வெளேரென்று எலும்புகள். கல்லிரோயி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "பாத்தியாடி, பாத்தியா! மனசாரத்தான் சொல்லியிருக்க."

மணல்தான் காரணம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

மண்டையோட்டை என் மடியில் வைத்தார்கள். இவ்வளவு லேசாக இருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஒயின் ஊற்றித் தேய்த்தேன்.

"போதும்மா, சுத்தமாயிடுச்சு" என்றார் பாதிரியார்.

தெரியும் என்றேன். இன்னொரு முறை கழுவினேன்.