உன் படத்தை மடியில் வைத்துச் செக்போஸ்ட்டைத் தாண்டினோம்

என்னைத் தூக்கி வளர்த்த என் அக்கா ராஜேஸ்வரிக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மகள் மாலினி வேலையில் சேர்ந்துவிட்டாள். நாகர்கோவில் பக்கம், மத்திய அரசு நிறுவனம் ஒன்றின் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நீ ஆசைப்பட்ட அதே வேலை, அதே வெள்ளை உடுப்பு.

நல்ல செய்தி இதோடு முடிந்தது. இனி எழுதப்போவது எல்லாம் அருவருப்பு. எழுதாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது. உன்னைத் தவிர இதையெல்லாம் நான் யாரிடம் கொட்டுவேன்?

மாலினியைக் கொண்டுபோய் விட உன் வீட்டுக்காரர் தன் காரை எடுத்தார். அவரை மாமா என்று எழுத இன்று எனக்குக் கை வரவில்லை, பொறுத்துக்கொள். நீ இருக்கும்போது வாங்கிய அதே பழைய கார்தான். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன் சக்கரத்திலிருந்து டக் டக் என்று சத்தம் வரும். கிளம்புவதற்கு முந்தின நாள், நம் பாண்டி மூலக்குளத்து மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, என் எதிரிலேயே சொன்னான்.

"சார், முன்னாடி ஆக்சிலை மூடற ரப்பர் பூட் கிழிஞ்சு க்ரீஸு எல்லாம் வெளிய போயிடுச்சு. உள்ள மண்ணு பூந்துக்கினு இருக்குது. மாத்தாம லாங் போவாதீங்க."

"இவனுக்கு இதே வேலைதான், நீ ஏறு," என்று என்னிடம் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். தெருமுனையில் திரும்பும்போது சத்தம் வந்தது. பாட்டை இன்னும் கொஞ்சம் சத்தமாக வைத்தார். எதைச் சரிசெய்ய வேண்டும் என்று சொன்னாலும் இந்த மனுஷன் செய்வது இதுதான் என்று உனக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்?

கிளம்பும் காலையில், சுவரில் மாட்டியிருந்த உன் படத்தை அவரே கழற்றி எடுத்து வந்தார். புது மாலை போட்டிருந்தார். மாலினியின் மடியில் வைத்து, "அம்மாவும் நம்மகூட வரட்டும்மா," என்றார். அவள் படத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். நீ போன இந்த மூன்று வருஷத்தில் அவரிடம் ஒரு நல்ல குணத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று நினைத்தேன். உன்னிடம் இதைச் சொல்லி ஒருமுறையாவது அவரைப் பாராட்ட வேண்டும் என்றுகூட நினைத்தேன், கேட்டுக்கொள்.

பாண்டி எல்லையில், விழுப்புரம் ரோட்டு செக்போஸ்ட்டில் கைகாட்டி நிறுத்தினார்கள். உன் வீட்டுக்காரர் கண்ணாடியை இறக்கி, எங்கிருந்தோ ஒரு தழுதழுத்த குரலைக் கொண்டுவந்தார். "வீட்டம்மா தவறிட்டாங்க சார். பொண்ணு மொத மொதல்ல வேலைக்குப் போவுது." அந்தப் போலீஸ்காரர் குனிந்து பார்த்தார். மாலை போட்ட படம், அழுத முகத்தோடு ஒரு பெண். டிக்கியைத் திறக்கச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. "போங்க சார், போங்க," என்றார். கொஞ்ச தூரம் போனதும், "படத்தைப் பின்னால வெச்சுடும்மா, கண்ணாடி ஒடஞ்சிடப் போவுது," என்றார் இவர். நானே வாங்கி, புடவையில் சுற்றிப் பத்திரமாக வைத்தேன்.

மதுரை தாண்டும்வரை ஒன்றுமில்லை. விருதுநகர் நெருங்கும்போது டீ குடிக்க சர்வீஸ் ரோட்டில் ஒடித்துத் திருப்பினார். முன்னால் படாரென்று ஒரு சத்தம். கார் ஓரத்துக் கல்லில் ஏறி இடித்து நின்றது. டிக்கியில் இருந்த பை, பாத்திரம் எல்லாம் உருண்டன. யாருக்கும் அடியில்லை. கியரைப் போட்டு மிதித்தார், எஞ்சின் கத்தியது, வண்டி அசையவில்லை. முன் ஆக்சில் இரண்டாகப் போயிருந்தது.

நான் செய்த ஒரே காரியம், டோல்கேட் ரசீதில் இருந்த உதவி எண்ணுக்குப் போன் போட்டது. வண்டி இழுக்க ஆள் அனுப்புகிறோம், ரோந்து போலீசும் வந்து பார்ப்பார்கள் என்றார்கள். அதை அவரிடம் சொன்னதும் முகம் வெளிறிவிட்டது.

"யாரைக் கேட்டுடி போன் போட்ட? போலீஸ்லாம் எதுக்கு இப்ப?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் காருக்குள் ஒரு வாடை. மாலினி மூக்கைச் சுளித்து, "ஸ்பிரிட்டு மாதிரி வருது சித்தி. நான் எதுவும் எடுத்து வெக்கலையே," என்றாள். இறங்கிப்போய் டிக்கியைத் திறந்து, தன் பையைப் பிரித்தாள்.

அக்கா, அவளுக்குத் தைத்த புது யூனிஃபார்ம் ஒவ்வொன்றிலும் ஒரு பிராந்தி பாட்டில் சுற்றி வைத்திருந்தது. ஊறுகாய் ஜாடியைத் துணியில் சுற்றுவோமே, அப்படி அக்கறையாகச் சுற்றியிருந்தார். ஒன்று உடைந்து, வெள்ளைத் துணியெல்லாம் பழுப்பாக ஊறிக் கிடந்தது. நீ இருபது வருஷம் தலையணையில் மோந்த வாடை. உன் மகள் மறுநாள் காலை போட்டுக்கொண்டு போகவேண்டிய உடுப்பில்.

"நாகர்கோவில்ல வீடு பாத்துக் குடுத்த ஃபிரெண்டு கேட்டாரு. பாண்டிலேர்ந்து வெறுங்கையோட போவ முடியுமா?" என்றார். பாண்டி பாட்டிலை எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் கேஸ் என்று தெரிந்தும் துளி வெட்கம் இல்லை.

இந்த ஊர்க்காரியாகப் பிறந்ததற்கு வெட்கப்பட இந்த ஒரு கேள்வி போதும். கல்யாணமோ, காதுகுத்தோ, வெளியூர்க்காரனிடம் பாண்டி என்று சொன்னதும் 'சரக்கு உண்டா' என்கிற மாதிரி ஒரு சிரிப்பு சிரிப்பானே, எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நமக்கு வேறு ஒன்றுமே இல்லையா? பிள்ளைகளைப் படிக்க வைக்கவில்லையா? ஆனால் அவனைச் சொல்லி என்ன. அந்தச் சிரிப்புக்குப் பல்லைக் காட்டி, பெற்ற மகள் பையில் பாட்டில் வைத்தவன் நம் வீட்டில் அல்லவா இருக்கிறான்.

அப்போதுதான் எனக்குப் படம் ஞாபகம் வந்தது. புது மாலை. தழுதழுத்த குரல். செக்போஸ்ட் தாண்டியதும் 'பின்னால வெச்சுடும்மா'. உயிரோடு இருந்தபோது உன்னைப் பயன்படுத்தியது போதாதா, அக்கா?

ரோந்து ஜீப் வந்துவிட்டது. வயசான ஏட்டு ஒருவர், நல்ல மனுஷன். "பயப்படாதீங்கம்மா, வண்டி இழுக்க ஆள் வந்துட்டிருக்கு," என்றுதான் ஆரம்பித்தார். பிறகு அவருக்கும் வாடை அடித்தது. டிக்கியைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பையின் மேல் அட்டையில் மாலினி பேரும் ஆஸ்பத்திரி பேரும் எழுதிக் கட்டியிருந்தோம்.

"இந்தப் பை யாருது?"

உன் வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பொண்ணு பை சார். நான் வண்டி ஓட்டினு வந்தவன். உள்ள என்னா இருக்குதுன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது."

மாலினி அழவில்லை. "அப்பா," என்று மட்டும் சொன்னாள். வேலையில் சேர்ந்த பிறகு போலீஸ் விசாரணை உண்டு, ஒரு கேஸ் இருந்தால்கூட வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். காலையில் இட்லி தின்றுகொண்டே அதைப் பற்றிப் பேசியவர்தானே, அவருக்கும் தெரியும்.

"என்னுதுங்க," என்றேன் நான். "எங்க ஊர்ல வாங்கினது. சொந்தக்காரங்களுக்கு. நான்தான் பையில வெச்சேன், பொண்ணுக்குத் தெரியாது."

ஏட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் நம்பவில்லை. உன் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "நீங்க ஒண்ணும் சொல்றதுக்கில்லையா சார்?" என்று கேட்டார்.

இவர் சக்கரத்தின் பக்கம் குந்தியிருந்தார். "இல்ல சார், ஆக்சில் மாத்த எவ்ளோ நேரம் ஆவும்னு பாத்துக்கினு இருக்கேன்," என்றார்.

அந்த ஏட்டு புண்ணியவான். நாகர்கோவில் பஸ் ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி, கண்டக்டரிடம் சொல்லி, மாலினிக்கு ஜன்னலோரம் இடம் வாங்கிக்கொடுத்தார். அவள் என்னைக் கட்டிக்கொண்டு, "ஏன் சித்தி?" என்றாள். ஈர யூனிஃபார்மைப் பையில் திணித்துக்கொண்டாள். உன் படத்தையும் எடுத்துக்கொண்டாள். நல்லவேளை, நீ அங்கே போய்விட்டாய்.

வண்டி இழுக்க வந்த லாரி, காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோகாமல் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனது. உன் வீட்டுக்காரர் காரோடு லாரியில் ஏறிக்கொண்டார். பஸ்ஸில் தனியாகப் போகிற மகளோடும் போகவில்லை, பெண் போலீஸ் பக்கத்தில் ஜீப்பில் உட்கார்ந்த என்னோடும் வரவில்லை. எழுதி வாங்கி, கையெழுத்து வாங்கி, ஜாமீனில் விட்டார்கள். வெளியே வந்ததும் ஒரு டீயை நீட்டி, "பரவால்ல, சமாளிச்சுட்ட," என்றார். அந்த டீயை அவர் செருப்பின் மேலேயே ஊற்றினேன்.

ஊருக்கு வந்தால் கதை எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. "எங்க மச்சினிச்சிக்கு என்னா கஷ்டமோ, இப்படிச் செஞ்சுடுச்சு," என்று தெருவில் பரிதாபப்பட்டாராம். எதிர்வீட்டு சொல்தா பெண்சாதி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புருஷனுக்காக பிரான்ஸ் பென்ஷன் வாங்குகிற அந்த அம்மா, இத்தனை வருஷம் என்னைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. இப்போது கேட்டருகே நின்று, "சேலத்துல எங்க தம்பி இருக்கான், நீ அந்தப் பக்கம் போவியா?" என்று கேட்கிறாள். நான் வேலை செய்யும் துணிக்கடையில் முதலாளி என் பையை ஒரு மாதிரி பார்க்கிறார். எனக்குக் கோபம் வருவதில்லை, அக்கா. குளிக்க வேண்டும் போலிருக்கிறது.

மாலினி போனில் சொன்னாள். ராத்திரியெல்லாம் அலசி, ஈரத்தோடு போட்டுக்கொண்டு போனாளாம். "வாசனை போகவே இல்ல சித்தி. மேட்ரன் பக்கத்துல வந்தா மூச்சைப் பிடிச்சுக்கினு நின்னேன்." முதல் நாள் வேலையை அவள் இப்படித்தான் பார்த்தாள்.

இப்போது ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கோபித்தாலும் பரவாயில்லை. இதில் உன் மேலும் எனக்கு அருவருப்பு உண்டு. அவர் குடித்துவிட்டு மாலினியைப் பள்ளிக்கூடத்தில் மறந்து விட்ட அன்று, டீச்சரிடம் போய் 'நான்தான் மறந்துட்டேன் டீச்சர்' என்றாய். எதிர்வீட்டுச் செடியை அவர் வண்டி ஏற்றி நசுக்கினால், தண்ணீர்க் குடம் விழுந்தது என்றாய். ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்தபோதும் உன் மகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அவரை விட்டுடாதடி, அவருக்கு ஒண்ணும் தெரியாது," என்றாய். சரி என்று தலையாட்டினேன்.

அவருக்கு எல்லாம் தெரியும். தெரியாது என்று சொல்வதற்கு நீதான் அவரைப் பழக்கினாய். அந்த ரோட்டில் நான் 'என்னுதுங்க' என்றபோது வந்தது உன் குரல். மாலினிக்காகச் சொன்னேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் காப்பாற்றியது அவரையும் சேர்த்துத்தானே? நாம் இரண்டு பேரும் சேர்ந்து அந்த மனுஷனை இப்படி வளர்த்து வைத்திருக்கிறோம்.

போன வாரம் கோர்ட்டில் ஆஜராகச் சொல்லிச் சம்மன் வந்தது. உன் வீட்டுக்காரர் தேய்த்த சட்டையோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "ஒத்துக்கினேன்னு சொல்லிடு, அபராதத்தோட போயிடும். என் பேரு வந்தா வண்டியைத் திருப்பித் தரமாட்டாங்க." வண்டி! மாலினி அங்கிருந்து துடிக்கிறாள். "நான் லீவு போட்டு வர்றேன் சித்தி. என் பையில யாரு வெச்சதுன்னு நானே சொல்றேன்." அப்பாவுக்கு எதிராக மகளா கூண்டில் ஏறுவாள்? அதுவும் வேலை நிரந்தரம் ஆகாத பிள்ளை?

அதனால் உனக்குக் கொடுத்த வாக்கை இன்றோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன். கனவில் வந்து 'போவட்டும் விடுடி' என்று சொல்லாதே, கேட்க மாட்டேன். இது புது வாக்கு. மாலினி அந்தக் கோர்ட்டுப் பக்கமே வரமாட்டாள், நான் போவேன். அன்றைக்குப் பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டு, அதற்கு என்ன தண்டனை தந்தாலும் வாங்கிக்கொள்வேன். அந்தப் பாட்டில்கள் யாருடையவை என்று கேட்பார்கள். உன் வீட்டுக்காரர் பேரை, அவர் அப்பா பேரோடு சேர்த்து, அங்கே இருக்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுவேன்.

அவருக்கு இனி மச்சினிச்சி இல்லாத,
உனக்கு என்றைக்கும் தங்கச்சியான
வசந்தி