சாகத் துணிந்த கைதிகள்

4.11.1962, ஞாயிறு

நரசிம்மலு மறுபடியும் கை வைத்துவிட்டார். இந்த வார இதழ் வந்தது. என் தொடர்கதையில் ஒரு பக்கத்தையே காணோம்.

ஏழாயிரமாம் ஆண்டில் நடக்கும் போர். சிறைகளிலிருந்து கைதிகளை அள்ளிக்கொண்டு போய் நட்சத்திரங்களுக்கு நடுவே சண்டைக்கு விடுகிறார்கள். களத்தில் செத்தவனுடைய குற்றம் அழிந்துவிடும். அவன் பெயர் வீரர்களின் தூணில் ஏறும். என் துருவன் இரும்புக் கவசத்துக்குள் உட்கார்ந்து, தான் கொன்ற ஆளின் மனைவி இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று யோசிக்கிறான். அந்த இடத்தைத் தூக்கிவிட்டுச் சோப்பு விளம்பரம் போட்டிருக்கிறார் மனுஷன். கேட்டால், சண்டைக்கு நடுவில் பொம்பளை நினைப்பு எதற்கு என்கிறார். பத்திரிகை அவருடையது, நான் ஆரம்பப் பள்ளி டீச்சர்.

அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன்.

11.11.1962

ஜெயிலில் மனு போட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் உள்ளே போய் நாலு வருஷம் ஆகிறது. மில் கேட்டில் நடந்த சண்டையில் பாலுசாமி என்பவர் தடியால் அடிபட்டுச் செத்தார். தடி இவர் கையில் இருந்தது. கோர்ட்டில், வக்கீல் சொல்லிக்கொடுத்தபடி, இருட்டு, கூட்டம், ஒன்றும் தெரியாது என்பதோடு நிறுத்திக்கொண்டார். என்னிடமும் இன்றுவரை அவ்வளவுதான்.

இன்றைக்கு ஒரு குண்டு போட்டார். சீனாக்காரனோடு சண்டைக்குத் தன்னை அனுப்பச் சொல்லி சூப்பரிண்டெண்டுக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறாராம்.

"உன்ற கதையில துருவனுக்குக் கெடைக்கறது எனக்கும் கெடைக்கட்டும், கோமளா" என்றார்.

உள்ளே கரீம் என்பவர் என் கதையைச் சத்தமாகப் படிக்க, இருபது முப்பது பேர் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்களாம். அது வெறும் கதை என்றேன். அவர் கேட்கவில்லை. பாலுசாமியின் மனைவி செல்லாத்தாள் ஆனைமலைக்குப் போய் மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசியது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. அநியாயம் பட்டவர்கள் அங்கே மிளகாய் அரைத்துப் பூசினால், நியாயம் கிடைக்கும்வரை அம்மன் எரிந்துகொண்டே இருப்பாள், செய்தவனைச் சும்மா விடமாட்டாள் என்பார்கள். நியாயம் கிடைத்த பிறகு அவர்களே போய் அம்மனைக் குளிர வைக்க வேண்டும். அம்மன் இவர் உயிரைக் கேட்கிறாள், அதை எல்லையில் கொடுத்தால் கௌரவமாகவாவது போகும் — இது இவர் கணக்கு.

அப்ப நான்? நான் எந்தக் கணக்கில் வருகிறேன்?

13.11.1962

பள்ளியில் யுத்த நிதிக்கு உண்டியல். போட்டேன். மனசில்லாமல் போட்டேன்.

25.11.1962

கைதிகளைப் பட்டாளத்தில் சேர்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார்களாம். சண்டையும் நின்றுபோயிற்று. நான் சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல் நின்றேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சாவதற்குக்கூட லாயக்கில்லாதவன் ஆகிவிட்டேன் என்றார். வந்த கோபத்துக்கு எங்கள் வீட்டுத் தெலுங்கில் திட்டினேன். பக்கத்தில் நின்ற வார்டருக்குத் தெலுங்கு தெரியும் போல; முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

20.1.1963

கடைசி அத்தியாயம் எழுதிக் கொடுத்தேன். துருவன் சாகவில்லை, ஊர் திரும்புகிறான். நரசிம்மலு படித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"உசுரோட வந்தவனை வெச்சுக்கிட்டு நாம என்னங்க அம்மணி பண்றது?"

காகிதத்தைப் பையில் திணித்துக்கொண்டு வந்தேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி, எரிச்சலே அதுதான். துருவன் செத்தவனின் வீட்டு வாசல்வரை வந்து நிற்கிறான். அதற்கு மேல் எனக்கும் தெரியவில்லை. நாலு இரவு உட்கார்ந்தும் அவன் வாசலில்தான் நிற்கிறான்.

10.2.1963

துருவனைக் கொன்றுவிட்டார்கள். நரசிம்மலுவே எழுதி, என் பெயரிலேயே போட்டுவிட்டார். எதிரிக் கப்பல் மீது பாய்ந்து சாகிறானாம், தேவர்கள் பூ தூவாத குறை.

17.2.1963

பாராட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாம் அந்தப் பாழாய்ப்போன முடிவுக்கு. ஜெயிலிலும் எல்லோரும் அழுதார்களாம். "அதுதான் சரியான முடிவு" என்றார் இவர். நான் எழுதியதில்லை என்று தொண்டை கிழியக் கத்தலாம் போலிருந்தது. சொன்னேன். நம்பவில்லை.

இனி கதையே வேண்டாம்.

23.2.1964

விடுதலையாகி வந்துவிட்டார். தண்டனையில் ஒன்றரை வருஷம் கழித்தார்கள். பாயசம் வைத்தேன். நல்லாயிருக்குது என்றார், யாரோ வீட்டு விருந்தாளி மாதிரி.

27.2.1964

வேலைக்கு ஆள் பிடிக்கிற தம்பிதுரை மேஸ்திரியைப் போய்ப் பார்த்திருக்கிறார். வால்பாறைப் பக்கம் அணைத் தண்ணீருக்கு மலையைக் குடைகிறார்கள். அங்கே ஆள் எடுக்கிறார்கள். இவர் கேட்டு வாங்கியது என்ன வேலை தெரியுமா — சுரங்கத்துக்குள் வெடி வைக்கிற வேலை. நூற்பு மில்லில் இருந்தவருக்கு வெடியைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது, அதனால்தான் கேட்டிருக்கிறார். பட்டாளம் கிடைக்கவில்லை, மலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை கிளம்ப வேண்டுமாம்.

எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. போங்க, போய்ச் சாவுங்க, ஆறு வருஷமா நான் எதுக்குத்தான் காத்துக் கெடந்தேன்னு கேட்டுப்போட்டேன்.

28.2.1964

செல்லாத்தாளைத் தேடிச் சிங்காநல்லூர் போனேன். அவர் என்னை அடித்தாலும் சரி என்றுதான் போனேன். ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். மகள் பூவாத்தாள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவளுக்கு ஒன்பது வயது. அரைத்த மிளகாயைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், என் வீட்டுக்காரர் சாகத்தான் துடிக்கிறார் என்றேன். மானத்தை விட்டு அழுதேன்.

செல்லாத்தாள் தழையைக் கீழே போட்டார்.

"சாகோணும்னு யாருங்க டீச்சர் அரைச்சா? எங்கூட்டுக்காரர் எப்படிச் செத்தாருன்னு ஒருத்தரும் சொல்லலீங்க. கோர்ட்டிலயும் இருட்டுன்னு சொல்லிப்போட்டாங்க. அந்த வாய் தொறக்கோணும்னு அரைச்சனுங்க."

ஆறு வருஷம். ஊர் முழுக்க, இவரும் நானும் சேர்த்து, அது உயிருக்காக அரைத்தது என்றே நினைத்தோம். ஒருவராவது போய்க் கேட்டோமா?

1.3.1964

செல்லாத்தாள் சொன்னதைச் சொல்லி இவரைச் சிங்காநல்லூருக்கு அழைத்துப் போனேன். வாசலிலேயே நின்றார். செல்லாத்தாள் கட்டிலைக் காட்டினார், இவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாம் சொன்னார். இருட்டு இல்லை, விளக்கு எரிந்தது. யார் என்று தெரிந்துதான் அடித்தார். பாலுசாமி முந்தின நாள் மில் கூட்டத்தில் கேலி பேசிய கோபம். நான் இதைக் கேட்பதும் இன்றைக்குத்தான்.

"கடைசியா என்னங்க சொன்னாரு?" என்று செல்லாத்தாள் கேட்டார்.

இவர், "தண்ணி கேட்டாருங்க. நான் ஓடிப்போட்டேன்" என்றார்.

செல்லாத்தாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் பஸ்ஸுக்கு நடந்தோம். எனக்கு இவர்மேல் இரக்கம் வரவில்லை, எழுதி வைக்கிறேன், வரவில்லை.

2.3.1964, திங்கள்

காலையிலேயே செல்லாத்தாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். கண் வீங்கியிருந்தது. உள்ளே வராமல் நின்று, இவரைப் பார்த்தே பேசினார்.

"மன்னிக்கறதுக்கு எனக்கு மனசு வரலீங்க. அதை எதிர்பாக்காதீங்க. பூவாத்தா பெரியவளாயி ஒருநா கேப்பா. அப்பவும் நேத்துச் சொன்னாப்பலயே ஒளிக்காம சொல்லோணும். அதுவரைக்கும் நான் அம்மனைக் குளிர வைக்கப் போகமாட்டனுங்க."

இவர் கும்பிட்டார். செல்லாத்தாள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

பத்து மணிக்குத் தம்பிதுரை மேஸ்திரி வந்து, லாரி நிற்கிறது, ஏறலாமா என்றார். நான் கதவோரம் நின்றேன்.

"நான் வரலீங்க. இன்னும் பத்து வருஷத்துக்காவது நான் உசுரோட இருந்தாகோணும்" என்றார்.

மேஸ்திரி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். காப்பி சாப்பிட்டுப் போங்கள் என்று உள்ளே கூப்பிட்டேன்.