உன் மாமா படத்தைக் கழற்றச் சொன்னாய்

தல்லாகுளம், மதுரை
16.11.2025

அன்பு மகள் சுபலட்சுமிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அங்கே டொரண்டோவில் நீயும் சுகம் என்று நீதான் சொல்லிக்கொள்கிறாய், நேரில் பார்த்துக் கன்னத்தைத் தொட்டால்தான் நான் நம்புவேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது ஃபேனில் இருக்கிற தூசியெல்லாம் தெரிகிறதாம், கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் வீட்டைத் துடைத்ததே இல்லை என்பதுபோலப் பேசிக்கொண்டு திரிகிறார். மழை இந்த வருசம் பரவாயில்லை, மாடியில் ஒழுகுவதை மட்டும் தை மாதத்துக்குள் சரிசெய்ய வேண்டும். இதையெல்லாம் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாய் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ நாலு சொல்வாய். எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பினால் ஆபீஸ் லிஃப்டில் நின்றபடியே படித்து முடித்துவிடுவாய். அதனால்தான் தபாலில் அனுப்புகிறேன், உட்கார்ந்து படி.

ஆவணியில் ஒருநாள் போனில் கேட்டாயே, "சேந்தன் வீட்டுல இருந்து தை மாசம் பேச வாராகம்மா, அதுக்குள்ள ஹால்ல இருக்குற மாமா படத்தைக் கழட்டிருறியா" என்று, அதற்குத்தான் இந்தப் பதில். சேந்தனை எனக்குப் பிடிக்கும். வீடியோவில் உனக்கு முன்னால் அவன்தான் சாப்பிட்டீர்களா என்று என்னைக் கேட்கிறான். அவன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்று முதலிலேயே சொன்னாய், எனக்கு நெஞ்சில் ஒரு குத்து குத்தியது, அதை விழுங்கிக்கொண்டேன். ஆனால் எண்பத்தேழில் நம் ராணுவம் அங்கே போயிருந்தபோது அவன் அம்மாவுடைய தம்பி பத்தொன்பது வயதில் குண்டுபட்டுச் செத்தார் என்பதையும், உன் தாய்மாமன் அதே ராணுவத்தில் இருந்தான் என்று நீ அவர்களிடம் இதுவரை மூச்சுக்கூட விடவில்லை என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னாய். போனை வைத்துவிட்டேன், இரண்டு நாள் பேசவில்லை. அப்பா நடுவில் கிடந்து இடிபட்டார். பெற்ற மகளே என் தம்பியைச் சுவரிலிருந்து இறக்கச் சொல்கிறாளே என்று கோபம் கோபமாக வந்தது.

உனக்கு அவனைத் தெரியாது, உன்மேல் தப்பில்லை. சிவபாண்டி எனக்கு இரண்டு வயது இளையவன். உசிலம்பட்டியில் எங்கள் அய்யா மாடு மேய்க்க அனுப்பினால் மாட்டை விட்டுவிட்டு ஓட்டப்பந்தயம் ஓடுவான், அந்த ஓட்டம்தான் அவனைப் பட்டாளத்தில் சேர்த்தது. கடைசியாக எழுதிய இன்லாண்ட் கடிதத்தில் 56 ஏபிஓ என்று பட்டாளத்துத் தபால் விலாசம் மட்டும்தான், எந்த ஊர், எந்த நாடு என்று கிடையாது. அதில், "அக்கா, எனக்குப் பொண்ணு பாக்குறதை நிப்பாட்டச் சொல்லு, மொதல்ல உனக்கு முடியட்டும், உன் பிள்ளைக்கு என் மடியில வச்சுத்தான் காது குத்தணும்" என்று எழுதியிருந்தான். அந்த ஐப்பசியிலேயே தந்தி வந்துவிட்டது. உடம்பு வரவில்லை, அங்கேயே எரித்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து அவன் டிரங்குப் பெட்டி மட்டும் வந்தது. அது ஊர் பூராவும் ஈழத்துப் போராளிகளுக்காகப் போஸ்டர் ஒட்டிய காலம், "நம்ம ஆளுகளையே சுடப் போனவன்தான" என்று ஒருத்தர் அய்யா காதுபடவே சொன்னார். அய்யா அதற்கப்புறம் சாகும்வரை அவன் பேரை வெளியே எடுக்கவில்லை. எங்கள் ஆத்தா மட்டும் வாயில் பால் ஊற்றக்கூட ஆள் இல்லாமல் போய்ச் சேர்ந்தானே என்று சொல்லிச் சொல்லி அழுவாள். உனக்குக் காது குத்தும்போது என் பெரியப்பா மகன் மடியில்தான் உட்கார வைத்தோம். நீ அழுதாய், நானும் அழுதேன், பிள்ளைக்கு வலிக்கிறதே என்று நான் அழுவதாக எல்லாரும் நினைத்தார்கள்.

கோபம் இறங்கின பிறகு பயம் வந்தது. என் தம்பி ஒரு தப்பும் செய்யாதவன் என்று மனதுக்குள் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேனே, எனக்கு என்ன தெரியும்? அவன் எங்கே செத்தான், எப்படிச் செத்தான், அங்கே என்ன செய்தான், ஒன்றும் தெரியாது. முப்பத்தெட்டு வருசமாகப் படத்துக்குப் பூப் போட்டதுதான் மிச்சம். பெட்டியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்த அவன் நம்பரைக் குறித்துக்கொண்டு முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்குப் போனேன். அவர்கள் சொன்னபடி நீலகிரி வெலிங்டனில் இருக்கிற அவன் ரெஜிமெண்ட் ஆபீசுக்கு எழுதிப்போட்டேன், இலங்கை நடவடிக்கையில் வீரமரணம் என்று தேதியோடு ஒரு வரி பதில் வந்தது. மூன்றாம் தடவை போனபோது அலுவலகத்திலிருந்த பெண், பட்டாளத்தில் அவனோடு அதே கம்பெனியில் இருந்தவர் ஒருவர் நாகமலை புதுக்கோட்டையில் இருக்கிறார் என்று விசாரித்து நம்பர் தந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் பஸ் ஏறிப் போனோம். மைக்கேல்ராஜ் என்று பெயர், மாதா கோயிலுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். இடது கையில் இரண்டு விரல் இல்லை. நான் இன்னார் என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். "சிவபாண்டி அக்காவா, மூக்கைப் பாத்தாலே தெரியுது" என்றார். சுபா, அவனை நினைவு வைத்து இப்படி ஒருத்தர் பேசிக் கேட்டு எத்தனை வருசம் ஆயிற்று.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தமிழ் தெரிஞ்ச ஆளுகளைத்தான்க்கா முன்னால நடக்க விடுவாங்க. வீட்டு வாசல்ல நின்னு, அம்மா, பயப்படாம வெளிய வாங்கன்னு கூப்பிடணும். இவன் நம்மூரு பேச்சுல அம்புட்டுப் பேரும் வாங்கன்னு கத்துவான், அந்தப் பயத்துலயும் அதுல ஒண்ணு ரெண்டு பேரு சிரிச்சுருவாக." ஒருநாள் காலையில் அப்படிக் கூப்பிடப் போன வாசலில் கண்ணிவெடியை மிதித்துவிட்டான். அடுத்த வெடிக்குப் பயந்து யாரும் கிட்டப் போகவில்லையாம். "நானும் போகல அக்கா" என்றார், தலை நிமிராமல். அந்த வீட்டிலிருந்து ஒரு வயதான அம்மா செம்பில் கிணற்றுத் தண்ணீர் எடுத்துவந்து இவன் வாயில் ஊற்றினாராம். ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாராம். அவர் பேர் இவருக்குத் தெரியவில்லை. நான் கேட்க வேண்டியதையும் கேட்டேன், என் தம்பி யாரையாவது கொன்றானா என்று. அப்பா வேண்டாமென்று என் கையைப் பிடித்தார். மைக்கேல்ராஜ் விரல் இல்லாத கையை மற்றக் கையால் மூடிக்கொண்டார். பிறகு, "சண்டையில நானும் சுட்டேன், அவனும் சுட்டான். யாரு மேல பட்டுச்சுன்னு நாங்க போய்ப் பாக்கல" என்றார். அவர் வீட்டுக்காரம்மா கொடுத்த காப்பியை என்னால் குடிக்க முடியவில்லை.

நான் எதைக் கேட்கப் போனேனோ அது கிடைக்கவில்லை சுபா. அவன் கை சுத்தம் என்று சத்தியம் செய்ய இனி என்னால் முடியாது. ஆனாலும் முன்னைவிட இப்போதுதான் அவனைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. ஆத்தா இருந்திருந்தால் அந்தத் தண்ணீரையாவது சொல்லியிருப்பேன். அந்தம்மா உயிரோடு இருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன். நேற்றெல்லாம் சேந்தன் அம்மாவையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் தம்பியைக் கொடுத்தவர்தானே, அதே வருசம், அதே சண்டை. உங்கள் இரண்டு பேருக்குமே தாய்மாமன் மாலை போட ஆள் இல்லை. இதில் அக்காமார் நாங்கள் ஒருத்தி இன்னொருத்திக்குப் பயந்து படத்தை ஒளித்துவைத்தால் நாளைக்குப் பேரப்பிள்ளை வந்து கேட்கும்போது என்ன சொல்வோம்? அதனால் டிக்கெட் போடுவதற்கு முன்னால் உன் மாமா யார் என்று நீயே அவர்களிடம் சொல்லிவிடு. மைக்கேல்ராஜ் கடைசியாகச் சொன்னதையும் மறைக்காதே. கேட்டுவிட்டு வரமாட்டோம் என்றால் அவர்கள்மேல் கோபப்படாதே, எனக்குப் போன் செய், எந்த நேரமானாலும் எடுப்பேன். வருகிறோம் என்றால் அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும், உன்னைப் பார்த்து மூன்று வருசம் ஆகப்போகிறது.

குளிரில் காதைக் கட்டாமல் வெளியே போகாதே, ராத்திரி பட்டினி கிடக்காதே. மீனாட்சி உனக்கும் சேந்தனுக்கும் துணையிருக்கட்டும், நீங்கள் நினைத்தது நடக்கட்டும். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். மறந்துவிடாமல் ஒன்று செய். சேந்தன் அம்மா வருவதாக இருந்தால் அவர் தம்பி படத்தையும் கொண்டுவரச் சொல். சின்னப் படம்தான் இருக்கிறதென்றாலும் பரவாயில்லை, டவுன் ஹால் ரோட்டில் பெரிதாக்கித் தருவார்கள். சிவபாண்டி படத்தைக் கழற்றவில்லை, கொஞ்சம் இடதுபக்கம் நகர்த்தி மாட்டிவிட்டுப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்து வைத்திருக்கிறேன். சேந்தன் மாமா பேர் என்ன என்று நீ எனக்குச் சொல்லவே இல்லை, கேட்டு எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
க. முத்துமீனா