பதினேழாம் நம்பர் பெட்டி

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. கப்பல் சமையலறையில் நீ முந்நூறு முட்டை உடைத்த கதையைக் கடையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

நம் குடியிருப்பில் சின்னதுகளின் அட்டகாசம் தாங்கவில்லை. மாடிப்படி விளக்கை உடைப்பது, சுவரில் கிறுக்குவது. போன வாரம் கீழே உள்ள தபால் பெட்டிகளை நெம்பித் திறந்து கடிதங்களைத் தரையில் கொட்டிவிட்டார்கள். சங்கக் கூட்டத்தில் ஆளாளுக்கு உச்சுக்கொட்டினார்கள். நான் எழுந்து, "இருபத்துநாலு பெட்டிக்கும் நானே பூட்டுப் போடறேன். இருபது வருஷமா பூட்டுக் கடை வெச்சிருக்கேன். என் பூட்டை உடைக்க இனிமேதான் ஒருத்தன் பிறந்து வரணும்" என்றேன். கைதட்டி, தலைவி பதவியை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

உன் மகளை நன்றாகப் படிக்கச் சொல்லச் சொன்னாய். வாலுவிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

உன் அக்கா

மார்ச் 19

அன்பு அக்காவுக்கு,

உன் பூட்டின் மேல் எனக்கு முழு நம்பிக்கை. பிடிபடுகிறவன் பெயரை நோட்டீஸ் போர்டில் போடு, போலீஸில் கொடு. யார் வீட்டுப் பிள்ளையானாலும் முகம் பார்க்காதே. இங்கே வேலை தலைக்கு மேல். வாலுவை நன்றாகப் படிக்கச் சொல்.

தம்பி

ஏப்ரல் 2

தம்பி,

நீ எழுதியதைக் கூட்டத்தில் அப்படியே வாசித்தேன். அதையே தீர்மானமாகப் போட்டுவிட்டார்கள்.

ஆனால் என் வாயை அடைத்துவிட்டார்கள் கழுதைகள். பூட்டை யாரும் உடைக்கவில்லை. சாவித் துவாரத்தில் சூயிங் கம்மைத் திணித்துவிட்டார்கள்! இருபத்துமூன்று பூட்டு. உங்கள் வீட்டுப் பதினேழாம் நம்பர் மட்டும் தப்பியது, உனக்கு நல்ல நேரம். பைக்கில் சுற்றும் அந்த இரண்டு தடியன்கள்தான் செய்திருப்பார்கள். அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன்.

அக்கா

ஏப்ரல் 9

தம்பி,

உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. நேற்று மதியம் கடையைச் சாத்திவிட்டு, மாடிப்படிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஐந்து பேர் வந்தார்கள். முன்னால் மென்றுகொண்டே வந்தவள் வாலு.

"ஏன்டி?" என்றேன்.

"எங்க பெட்டிக்கு எங்கப்பா லெட்டர் ஒரு தடவையாவது வந்திருக்கா அத்தை? எல்லாம் உங்களுக்குத்தான் வரும். கடைசி வரியில நான் இருப்பேன். மத்தவங்களுக்கும் கொஞ்ச நாள் வராம இருக்கட்டும்னுதான்."

அவள் அம்மா ஆஸ்பத்திரி ஷிப்டு முடிந்து வந்து, கேட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இருபதாம் தேதி கூட்டம். நீ எழுதிய வரிதான் இப்போது தீர்மானம். என்ன சொல்கிறாய்?

அக்கா

ஏப்ரல் 16

அக்கா,

பெயரைப் போடாதே. போலீஸ் வேண்டவே வேண்டாம். பதினாறு வயதுப் பெண், நாளைக்கு எங்கே தலைகாட்டுவாள்? அந்தப் பைக் தடியன்கள்தான் தூண்டிவிட்டிருப்பார்கள். படிக்கத்தானே சொன்னேன், அதில் என்ன தப்பு? உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 24

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கூட்டத்துக்கு மறுநாள்தான் வந்தது. முன்னாலேயே வந்திருந்தாலும் நான் இதைத்தான் செய்திருப்பேன்.

போர்டில் ஐந்து பெயரையும் போட்டேன். ஆறாவதாக என் பெயர்: வீண்பழி சுமத்தியவள். பைக் பையன்களிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். போலீஸ் விஷயத்தில் மட்டும், "அது என் தம்பி எழுதின வரி, வாசிச்சது நான். அந்த வரியை அடிச்சுடுங்க. பிள்ளைங்களை என்கிட்ட விடுங்க. மறுபடி நடந்தா நான் பதவியை விட்டு இறங்கறேன்" என்றேன். பதின்மூன்று பேர் கை தூக்கினார்கள், ஒன்பது பேர் முறைத்தார்கள். போதும்.

ஐந்து பேரும் என் கடையில் உட்கார்ந்து கம்பியால் கம்மைச் சுரண்டி எடுத்தார்கள். பிறகு வீடு வீடாகப் போய், செய்தது நாங்கள்தான் என்று சொல்லிச் சாவியைக் கொடுக்க வேண்டும் என்றேன். பத்தாம் நம்பர்க்காரர் வாலுவின் முகத்தில் கதவைச் சாத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினாள். நாலாம் தடவை திறந்தார். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

வேலை முடிந்ததும், யாரும் சொல்லாமலே பதினேழாம் நம்பர் பூட்டுக்கும் எண்ணெய் போட்டாள்.

தம்பி, இனி அவளிடம் சொல்லச் சொல்லி எனக்கு ஒரு வரி எழுதாதே. எழுதினாலும் நான் சொல்ல மாட்டேன்.

உன் அக்கா

மே 10

அன்பு அக்காவுக்கு,

இந்த மாதம் உனக்கு இவ்வளவுதான். நாலு தாளைக் கிழித்துப் போட்டு, ஐந்தாவது தடவை எழுதியதைப் பதினேழாம் நம்பருக்கு அனுப்பியிருக்கிறேன். படி என்று ஓரிடத்திலும் எழுதவில்லை.

உன் முழங்காலைப் பற்றி அதன் கடைசி வரியில் விசாரித்திருக்கிறேன். வாலு வந்து சொல்வாள்.

தம்பி